பொருள்: ‘டெக்னாலஜி ஸ்கௌட்டிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

சென்னையிலிருந்து

வணக்கம். மேலாண்மை மாணவர்களுக்கான பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பதிப்பகத்தில் கொடுத்தாக வேண்டும். ஓர் இயல் மட்டும் இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நகர மறுக்கிறது.

ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய தொழில்நுட்பத்தை எல்லாம் தானே உருவாக்கிக்கொண்டிருக்க முடியாது. எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தச் சிறு நிறுவனத்தில், எந்த நாட்டில் அது இருக்கிறது என்று ஆள் வைத்துத் தேடுகிறார்கள். அது டெக்னாலஜி ஸ்கௌட்டிங். கிடைத்ததன் மதிப்பை உணர்ந்து, தன் வேலைக்குத் தக்கபடி பயன்படுத்தும் திறமை அப்சார்ப்டிவ் கெப்பாசிட்டி. 1990இல் கோஹனும் லெவிந்தாலும் எழுதிய கட்டுரையால் பரவிய சொல் அது.

முதலாவதற்கு ‘தொழில்நுட்பச் சாரணியம்’ என்று போட்டேன். படித்துப் பார்த்த மாணவி, “கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு போவார்களா, மேடம்?” என்றாள். இரண்டாவதற்கு ‘கிரகிப்புத் திறன்’, எனக்கே பிடிக்கவில்லை. உதவுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து

அன்புடையீர், சாரணர் என்றதும் துண்டு நினைவுக்கு வருவது காலக்கொடுமை. சிலப்பதிகாரம் நாடுகாண் காதையில் அரங்கத்தருகே கவுந்தியடிகள் வணங்கும் சமண முனிவர்களான சாரணரல்லவா நினைவுக்கு வர வேண்டும்? ஆனால் அது வடசொல், வேண்டாம்.

நம்மிடம் உளவைக் குறிக்கும் ‘ஒற்று’ இருக்கிறது. வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். “ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்” (588). ஒருவர் கொண்டுவந்த செய்தியை இன்னொருவரைக் கொண்டு சரிபார் என்கிறார். நல்ல நிறுவனம் செய்ய வேண்டியதும் அதுதானே? ஒற்றுதல் என்றால் மெல்லப் படிய வைத்து எடுத்தல். ஒற்றடம், மை ஒற்றும் தாள் எல்லாம் இந்த வேர்தான். ஒற்றி என்றால் அடமானம். பிறர் பொருளை ஒரு காலத்துக்குக் கையில் வைத்து ஆள்வது. உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் தொழில்நுட்பமும் ஒருவகை ஒற்றியே. திருவொற்றியூர்ப் பெயர்க்காரணத்தையும் இங்கே சொல்லலாம். இன்னொரு மடலில் எழுதுகிறேன். என் பரிந்துரை: நுட்ப ஒற்றாடல்.

கோவையிலிருந்து

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘ஒற்றாடல் அலுவலர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்தால் யாரும் ஃபேக்டரி கேட்டைத் திறக்க மாட்டார்கள். காசு கொடுத்து உரிமத்தோடு வாங்குவதும் திருட்டுத்தனமாகத் தெரிந்துகொள்வதும் ஒன்றா? இந்த இயலின் அடிப்படையே அந்த வித்தியாசம்தான்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை இட்மா என்று ஜவுளி இயந்திரக் கண்காட்சி நடக்கும். 2019இல் பார்சிலோனா, 2023இல் மிலான். எங்கள் பக்கத்து மில்காரர்களும் போவார்கள். ஓடுகிற மெஷினுக்கு முன்னால் நின்று நூலைக் கையில் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். நம்ம பஞ்சுக்கு ஓடுமா, கரண்ட் எவ்வளவு இழுக்கும், ஸ்பேர் எத்தனை நாளில் வரும், ஃபிட்டருக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? இதெல்லாம் கேட்காமல் விலையைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். ஊருக்கு வந்ததும் ‘மெஷின் பார்த்துட்டு வந்தோம்’ என்பார்கள், பெண் பார்த்துவிட்டு வந்த மாதிரி. இத்தனைக்கும் ‘தேடல்’ போதும். தொழில்நுட்பத் தேடல். இரண்டாவதற்கு உள்வாங்கு திறன். முடிந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து

முடியவில்லை. கடல் உள்வாங்குகிறது என்றால் எங்கள் ஊரில் தண்ணீர் கரையைவிட்டு விலகிப் போகிறது என்று அர்த்தம். 2004க்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே சிறுபிள்ளையும் ஓடும். தரை உள்வாங்கினால் வீடு புதையும். ‘நிறுவனம் உள்வாங்கியது’ என்று நான் படித்தால் மூடிவிட்டார்கள் என்றுதான் நினைப்பேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

முதலில் ஒரு சிறு குறை. எங்கள் பாடநூல்களில் ‘தொழினுட்பம்’ என்றே எழுதுகிறோம். லகரத்தின் முன் நகரம் வந்தால் என்ன ஆகும் என்பது இந்தக் குழுவுக்குத் தெரியாததல்ல. நீங்கள் புள்ளி வைத்துப் பிரித்து எழுதுவது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தேடல் என்பது பொத்தாம்பொதுவான சொல். தொலைந்த சாவியையும் தேடுகிறோம். ஐயா எடுத்த நூலிலேயே இன்னொரு குறள் இருக்கிறது: “குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்” (504). ஆளைத் தெரிவு செய்வதற்குச் சொன்னது, இயந்திரத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. கோவை அண்ணரின் மில்காரர் செய்வதும் அதைத்தான். அம்மா கேட்ட இரண்டு சொல்லும் இதற்குள்ளேயே கிடக்கின்றன: நாடல், கொளல். தேடிப் போகிறவர் நாடுநர். அப்சார்ப்டிவ் கெப்பாசிட்டிக்குக் கொள்திறன்.

தஞ்சாவூரிலிருந்து

கொள்திறன் நன்று. நன்னூல் பாயிரம் ஆசிரியனிடம் “கொள்வோன் கொள்வகை அறிந்து” கற்பிக்கச் சொல்கிறதே! நாடலைப் பொறுத்தவரை ஒற்றாடலின் கூர்மை அதற்கு இல்லை. ஒன்று சொல்கிறேன். வெளியிலிருந்து எடுப்பதை எப்படி எடுக்க வேண்டும் என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே விதி உண்டு: “வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே.” அயல் எழுத்தைக் களைந்து, நம் எழுத்துக்குள் பொருந்த வைத்துக்கொள். தொழில்நுட்பத்தை ஏற்பதற்கும் இதுவே இலக்கணம்.

கோவையிலிருந்து

அப்படியென்றால் ‘இசுக்கவுட்டிங்கு’ என்று எழுதிவிட்டுப் போகலாமே ஐயா. விதிப்படி சரியாகத்தானே இருக்கிறது?

சென்னையிலிருந்து

தயவுசெய்து வேண்டாம். சொற்களை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். இயலில் வரும் எடுத்துக்காட்டு சோனி. அப்போது அதன் பெயர் டோக்கியோ சூஷின் கோக்யோ. 1952இல் அமெரிக்கா போன அதன் நிறுவனர்களில் ஒருவரான இபுகா, டிரான்சிஸ்டர் உரிமம் கிடைக்கும் என்று அறிகிறார். அதுவரைக்கும் ‘நாடல்’ நன்றாகவே உட்காருகிறது. உரிமத்துக்கு வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்க நிறுவனம் 25,000 டாலர் கேட்டது. செவித்துணைக் கருவிதான் செய்ய முடியும் என்றும் சொன்னது. இவர்கள் ரேடியோ செய்யத் துணிந்தார்கள்.

1954இல் சோனியின் இவாமா அமெரிக்கா போய் ஆலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இரவில் விடுதி அறையில் உட்கார்ந்து படம் போட்டுக் கடிதம் கடிதமாக எழுதி அனுப்பினார். டோக்கியோவில் அதை வைத்துக் கருவிகளைச் செய்தார்கள். 1955இல் டிஆர்-55 ரேடியோ வந்தது. அந்த நிறுவனத்தில் டிரான்சிஸ்டர் ஆராய்ச்சியில் இருந்த எசாகி 1957இல் டனல் டையோடு என்ற மின்னணுக் கருவியைக் கண்டுபிடித்தார். 1973இல் நோபல் பரிசு.

இதை ‘கொள்திறன்’ என்றால் ஏரியின் கொள்ளளவு மாதிரி, ஊற்றியதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்றல்லவா தோன்றுகிறது? விடுதியில் உட்கார்ந்து வரைந்தவரின் உழைப்பு சொல்லுக்குள் வரவில்லையே.

யாழ்ப்பாணத்திலிருந்து

கொள்ளளவில் அளவு இருக்கிறது, கொள்திறனில் திறன் இருக்கிறது. குடத்துக்குக் கொள்ளளவு உண்டு, திறன் கிடையாது. உழைப்பு முழுவதையும் ஒரு சொல்லுக்குள் திணித்தால் அது சொல்லாக இராது, வரைவிலக்கணம் ஆகிவிடும். ‘தன்மயமாக்கல்’ என்று யாராவது எழுத முன்னர் இதை முடித்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து

சரி. எதிர்த்தவர்கள் இரண்டு நாளாக எழுதவில்லை. ஒப்புக்கொண்டார்களா, களைத்துவிட்டார்களா என்று கேட்கப் போவதில்லை. இயலின் தலைப்பு ‘புறத்தொழில்நுட்பம்: நாடலும் கொளலும்’. உள்ளே நுட்ப நாடல், நாடுநர், கொள்திறன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘தேடல்’ என்றும் ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறேன். கோப்பு இன்றிரவு போகிறது.

தஞ்சாவூரிலிருந்து

‘புறத்தொழில்நுட்பம்’ என்றால் புறத்திணை படித்தவன் போர்க்கருவி என்று எண்ணுவான். ‘அயல்நுட்பம்’ என மாற்ற நேரம் இருக்கிறதா? ஒற்றாடலுக்கான என் வாதமும் அப்படியே நிற்கிறது.

கோவையிலிருந்து

எங்கள் ஷாப் ஃப்ளோரில் கேட்டுப் பார்த்தேன். “நாடுநர்னா யாரு?” “நாடி ஜோசியம் பார்க்கிறவரா, சார்?” என்றார்கள். எதிர்ப்பாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் மறுபடி வருவேன்.