டெபியன் 12: ‘எல்லாம் புதுசுதான்’ என்கிறது ஆப்ட், ‘ஓட்டை’ என்கிறது ஸ்கேனர்

மொட்டைமாடி (9 ஜூலை 2024)
வணக்கம். சின்ன வாடகை சர்வர் ஒன்றில் டெபியன் 12 (லினக்ஸ்) ஓட்டுகிறேன். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சில் பெரிய பாதுகாப்பு ஓட்டை என்று போன வாரம் செய்தி வந்ததும், மென்பொருள்களைப் புதுப்பிக்கும் ஆப்ட் கருவியில் அப்டேட், அப்கிரேட் இரண்டும் போட்டேன். புதிதாக ஒன்றும் இல்லை என்றது. நிம்மதியாகத் தூங்கினேன். இன்று ஓட்டை தேடும் ஸ்கேனர் ஒன்றை ஏவினால் சிவிஇ-2024-6387 (அந்த ஓட்டையின் பதிவு எண்) என்று சிவப்பில் காட்டி, ஓபன்எஸ்எஸ்எச் 9.8 போடச் சொல்கிறது. என்னிடம் இருப்பது 9.2. ஆப்ட்டில் 9.8 கண்ணிலேயே படவில்லை. என்ன செய்வது?

புளிச்சமோர்
சோர்ஸை இறக்கி நீங்களே கம்பைல் செய்யுங்கள் ப்ரோ. பத்து நிமிட வேலை.

கருப்பட்டி
தயவுசெய்து வேண்டாம். கையால் போட்டதை ஆப்ட் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்காது. அடுத்த ஓட்டை வந்தால் நீங்களேதான் ஞாபகம் வைத்து அடைக்க வேண்டும்.

டெபியன் நிலைப் பதிப்பில் 9.2 என்பது 9.2 ஆகவேதான் இருக்கும். திருத்தத்தை மட்டும் எடுத்து அதற்குள் ஒட்டுவார்கள். அதனால் பதிப்பு எண்ணின் வாலைப் பாருங்கள். 9.2பி1-2+டெப்12யு3 என்றால் அடைபட்டது, யு2 என்றால் திறந்து கிடக்கிறது. பல ஸ்கேனர்கள் முன்னால் உள்ள எண்ணை மட்டும் பார்த்துக் கூச்சல் போடும். ‘ஆப்ட் பாலிசி ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்’ என்ன சொல்கிறது?

மொட்டைமாடி
இருப்பது யு2. கிடைப்பதும் யு2 தானாம். அப்படியானால் ஸ்கேனர் சொன்னது சரியா?!

கருப்பட்டி
குருட்டாம்போக்கில் சரி. யு3 ஜூலை 1 அன்றே வந்துவிட்டது. எங்கிருந்து எடுப்பது என்று ஆப்ட்டுக்குச் சொல்லும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் ‘புக்வோர்ம்-செக்யூரிட்டி’ (டெபியன் 12இன் பாதுகாப்புத் திருத்தங்கள்) வரி இருக்கிறதா?

மொட்டைமாடி
இருக்கிறது அண்ணா, ஆனால் வரியை முடக்கும் # முன்னால் இருக்கிறது. சர்வர் கொடுத்தவர்களின் இமேஜே அப்படித்தான் வந்தது. தானாக அப்டேட் ஆகும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸை வேறு போட்டு வைத்திருந்தேன்!

கருப்பட்டி
வரியே இல்லாதபோது அது எங்கிருந்து எடுக்கும், பாவம். இப்படியே விட்டிருந்தால் திருத்தங்களைத் திரட்டி வெளியிடும் அடுத்த பாயின்ட் ரிலீஸ் வரைக்கும், அதாவது சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் திருத்தம் கிடைத்திருக்கும்.

# ஐ எடுத்துவிட்டு அப்டேட், அப்கிரேட் போடுங்கள். இன்னொரு டெர்மினலில் உள்ளே நுழைந்தபடியே வைத்திருங்கள், ஏதாவது சொதப்பினால் கை கொடுக்கும். எஸ்எஸ்எச் சேவை தானே ரீஸ்டார்ட் ஆகும்.

புளிச்சமோர்
லாகின்கிரேஸ்டைமை 0 ஆக்கினாலே போதும் என்று படித்தேனே?

கருப்பட்டி
யு3 போட முடியாதவர்களுக்கு மட்டும். லாகின்கிரேஸ்டைம் என்பது உள்நுழையத் தரும் கெடு. உள்ளே வராமல் 120 நொடி நிற்பவரைத் துரத்த ஒரு அலாரம் அடிக்கும். அந்த நேரத்தில் செய்யக்கூடாத வேலையை நிரல் செய்வதுதான் ஓட்டை. 2006இல் அடைத்தது, 2020இல் ஒரு மாற்றத்தில் மறுபடி திறந்துகொண்டது. 0 வைத்தால் அலாரம் அடிக்காது, சரி. ஆனால் எவனாவது வெறும் இணைப்புகளாகத் திறந்துவைத்து வாசலை அடைத்தால் உங்களாலேயே உள்ளே போக முடியாது.

மொட்டைமாடி
போட்டுவிட்டேன். யு3 வந்துவிட்டது. ஆப்ட் சேஞ்ச்லாகிலும் அந்த சிவிஇ எண் இருக்கிறது. கூடவே 43 பொதிகள், கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) உட்பட! ஸ்கேனர் மட்டும் இன்னும் சிவப்பாகவே காட்டுகிறது.

கருப்பட்டி
அதை விடுங்கள். கர்னல் வந்ததே, ரீபூட் செய்தீர்களா?

மொட்டைமாடி
இல்லையே. இதோ செய்கிறேன்.