கேரவனில் இருந்து இறங்கும்போது மட்டும் ஷாக் அடிக்கிறது, ஏன்?

வேன்வீடு:
வணக்கம். பழைய டிராவலர் வேன் ஒன்றைக் கேரவனாக மாற்றி வைத்திருக்கிறோம். இப்போது கோத்தகிரி பக்கம் ஒரு ஹோம்ஸ்டே வளாகத்தில் நிறுத்தியிருக்கிறோம். அவர்கள் வராந்தாவில் உள்ள சின்ன 5 ஆம்ப்ஸ் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துக் கரண்ட் எடுக்கிறோம். உள்ளே 1500 வாட் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்ஸி, சின்ன ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர்.

உள்ளே எதைத் தொட்டாலும் ஒன்றுமில்லை. காலையில் அம்மா ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுக் கைப்பிடியைப் பிடித்ததும் சுரீர் என்று கையை உதறிவிட்டார். நான் செருப்போடு தொட்டால் லேசான ஊசிக் குத்தல், அவ்வளவுதான். டெஸ்டர் வைத்தால் வேன் பாடியில் எரிகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஷாக் இல்லை. எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) ஒரு தடவைகூட விழவில்லை. நாலு பக்கமும் மூடுபனி. ஈரத்தால்தானா? வெயில் வந்தால் சரியாகுமா?

குன்னூர் வயர்மேன்:
முதலில் அந்தப் பிளக்கைப் பிடுங்குங்கள் தம்பி, மற்றதை அப்புறம் பேசலாம். வெயில் வந்தால் ஷாக் குறையும், கோளாறு அப்படியேதான் இருக்கும்.

உங்களுக்கு எர்த் வரவில்லை. கெட்டில், ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கசிவு இருக்கும். வீட்டில் அது எர்த் வயர் வழியாகப் போய்விடும். உங்கள் வேனில் எர்த் வயர் பாடியோடு சேர்ந்திருக்கிறது, ஆனால் வெளியே எங்கோ அறுந்திருக்கிறது. டயரோ ரப்பர். கசிவு போக வழியில்லாமல் பாடியிலேயே நிற்கிறது. 100 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கலாம். உள்ளே நீங்களும் தொடும் பொருளும் ஒரே வோல்டேஜில் இருப்பதால் ஒன்றும் தெரியாது. ஒரு கை வேனிலும் ஒரு கால் தரையிலும் இருக்கும் அந்த நொடியில்தான் அடிக்கும். இன்வெர்ட்டர் சப்ளைக்குத் தரையோடு தொடர்பில்லை, அதனால்தான் அப்போது அமைதி.

இன்றைக்கு ஊசிக் குத்தலோடு போனது. நாளைக்கு உள்ளே ஒரு ஃபேஸ் வயர் உரசினால் 230 வோல்ட்டும் அந்தக் கைப்பிடியில் நிற்கும்.

மலைக்காற்று:
இதற்கு இவ்வளவா? ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து வேன் பாடியோடு கட்டுங்கள் ப்ரோ, முடிந்தது.

குன்னூர் வயர்மேன்:
முடியாது சார். இந்தப் பாறை மண்ணில் கம்பியின் தடை 100 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டுக்கு 2.3 ஆம்ப்ஸ்தான் ஓடும். 16 ஆம்ப்ஸ் எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, விழாது; பாடியில் கரண்ட் நிற்கும். எம்சிபி வயரைக் காப்பாற்ற வந்தது, ஆளை அல்ல. ஆளுக்கு 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி வேண்டும், அதாவது அவ்வளவு கரண்ட் கசிந்தாலே சப்ளையை அறுத்துவிடும் சுவிட்ச். அது இருந்தால் கம்பிக்கும் ஒரு அர்த்தம் உண்டு.

வேனுக்குள் கரண்ட் நுழையும் இடத்திலேயே டபுள் போல் ஆர்சிசிபி போடுங்கள். எந்த வீட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது, இரண்டும் சேர்ந்தே அறுபட வேண்டும். டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, கெட்டில் மட்டுமே 6.5 ஆம்ப்ஸ். 5 ஆம்ப்ஸ் பிளக்கில் அதைக் கொடுத்தால் உருகும். 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் கேளுங்கள், 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் போடுங்கள், சுருளை முழுக்க அவிழ்த்து விடுங்கள். சுருட்டி வைத்தால் நடுவில் சூடேறி வயரின் தோல் இளகும். அப்போதும் கெட்டிலும் இண்டக்‌ஷனும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

வேன்வீடு:
அண்ணே, நன்றி. ஹோம்ஸ்டேக்காரர் ஆளைக் கூப்பிட்டு வராந்தா பிளக்கைக் கழற்றினார். எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை! சமையலறை 15 ஆம்ப்ஸ் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறது, அங்கிருந்து எடுத்தாயிற்று. ஷாக் நின்றுவிட்டது. ஆர்சிசிபியும் போட்டோம். ஆனால் கெட்டிலைப் போட்டதும் டக்கென்று விழுகிறது.

குன்னூர் வயர்மேன்:
அப்படியானால் ஆசாமி கெட்டில்தான். அடியில் இருக்கும் வட்டக் கனெக்டரைப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும் அல்லது தண்ணீர் இறங்கியிருக்கும். நன்றாகக் காயவைத்தும் விழுந்தால் தூக்கிப் போடுங்கள். ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள்.

ஊட்டி அக்கா:
தம்பி, அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். குக்கர் விசில் அடிக்கும் இடத்துக்கு நேர் மேலே பிளக் போர்டு இருந்தால், ஆவி முழுக்க அதற்குள் போய் வியர்க்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள். அதற்காகக் குக்கரை விட்டுவிடாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகும் என்று இண்டக்‌ஷனை ஓடவிட்டால் கரண்டுதான் போகும். குளிருகிறது என்று கரி அடுப்பை மட்டும் வேனுக்குள் ஏற்றாதீர்கள். அந்தப் புகையில் ஆளே போய்விடும்.

வேன்வீடு:
சரிங்க அக்கா. கடைசியாக ஒன்று: வழியில் புதுக் கெட்டிலை இன்வெர்ட்டரில் போடலாமா? 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி.

குன்னூர் வயர்மேன்:
1500 வாட் என்றால் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 140 ஆம்ப்ஸ் இழுக்கும். ஒரு மணி நேரத்தில் காலியாகும் வேகம் அது. டியூபுலர் அதைத் தாங்காமல் வோல்டேஜ் இறங்கும், இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தும். ஒரு லிட்டருக்கு நாலைந்து நிமிடம்தான் என்றாலும் பேட்டரி சீக்கிரம் போய்விடும். 500 வாட்டுக்குள் ஒரு சின்ன கெட்டில் வாங்குங்கள், மெதுவாகக் கொதிக்கட்டும். மிக்ஸி ஓட்ட வேண்டுமானால் ப்யூர் சைன்வேவ் (வீட்டுக் கரண்ட் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர்தானா என்று பாருங்கள், இல்லையென்றால் மோட்டார் உறுமிக்கொண்டே சூடாகும்.

லித்தியத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால், டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் இரவுகளில் கவனம். பேட்டரி 0 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் ஏற்றக் கூடாது. வெயில் ஏறிய பிறகு போடுங்கள்.