தரம் 8: ஸ்கிறாச் வகுப்பில் கணிமைச் சிந்தனையை வளர்ப்பது எப்படி?

கேள்வி – வலிகாமம் ஆசிரியை

வணக்கம். தரம் 8 மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். கட்டளைக் கட்டைகளைப் பொருத்தி நிரல் ஆக்கும் ஸ்கிறாச் மென்பொருளில் நான் செய்து காட்டும் பூனையின் ஓட்டத்தை எல்லோரும் விரைவாக அப்படியே செய்துவிடுகிறார்கள். ஆனால் ஓரத்தில் முட்டியதும் பூனை திரும்பாமல் நிற்க வேண்டும் என்று சற்றே மாற்றிக் கேட்டால், கைக்கு வந்த கட்டைகளை எல்லாம் இழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். கட்டைகளைப் பொருத்தும் பழக்கம் வந்துவிட்டது, கணிமைச் சிந்தனை, அதாவது ஒரு சிக்கலைப் பகுத்துப் படிப்படியாகத் தீர்க்கும் சிந்தனை, வரவில்லை. இரண்டு மூன்று பேருக்கு ஒரு கணினிதான் உள்ளது என்பதையும் கருத்திற்கொண்டு வழி கூறுங்கள்.

பதில் – தென்மராட்சி ஆசிரியர்

செய்து காட்டுவதைக் குறைத்து, முன்கூட்டியே ஊகிக்கச் செய்யுங்கள். சமபக்க முக்கோணி வரையும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பேனாவைக் கீழே வைத்து, "100 அடி நகர், 60 பாகை திரும்பு" என்பதை மூன்று முறை மீளச் செய்யும் நிரலைப் பலகையில் எழுதி, என்ன உருவம் வரும் என்று கொப்பியில் வரையச் சொல்லுங்கள். கணித பாடத்தில் அகக்கோணம் 60 பாகை என்று படித்திருப்பதால் அநேகமாக எல்லோரும் முக்கோணியையே வரைவார்கள். இயக்கினால் வருவதோ மூடாமல் நிற்கும் அரை அறுகோணி. பூனை திரும்புவது புறக்கோணத்தின் அளவுக்கு, அதாவது 120 பாகைக்கு என்பதை அந்தத் திகைப்பிலிருந்து அவர்களாகவே கண்டுபிடிக்க விடுங்கள். அதன்பின் 360 ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுக்கும் பொதுவிதிக்கு வந்து, பக்க எண்ணிக்கையை ஒரு மாறியாக (பெறுமானத்தை மாற்றக்கூடியதாக) வைத்தால் எந்த ஒழுங்கான பல்கோணியையும் ஒரே நிரல் வரைந்துவிடும். பொதுமையாக்கம் என்று நாம் விளக்கம் எழுதவைக்கும் விடயம் இதுதான். 1967 இல் சிறுவர்களுக்காக உருவான லோகோ நிரல் மொழியில், கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும் ஆமையும் இதே கணிதத்தைத்தான் கற்பித்தது.

வேண்டுமென்றே பிழை வைத்த நிரல்களையும் கொடுங்கள். விளையாட்டை மறுபடி தொடங்கும்போது பழைய புள்ளியே நிற்பது நல்ல பயிற்சி: மாறியைத் தொடக்கத்தில் பூச்சியமாக்காவிட்டால் ஸ்கிறாச் முந்தைய பெறுமானத்தையே வைத்திருக்கும்.

பதில் – தீவகத்திலிருந்து

எனக்குச் சிறிய மாறுபாடு உண்டு. கணினி அறிவியலாளர் ஜெனெற் விங் 2006 இல் எழுதிய கட்டுரை, கணிமைச் சிந்தனையை நிரலாக்கத்துடன் ஒன்றாக்காமல் எல்லோருக்கும் வேண்டிய திறனாக முன்வைத்தது. ஆகவே கணினி போதாது என்பதை ஒரு குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. கிளித்தட்டு விளையாட்டில் கோட்டில் நிற்பவர் எந்த நிபந்தனையில் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பதை "எனின், இன்றேல்" வடிவில் எழுதச் சொன்னால், தெரிவையும் (நிபந்தனைப்படி வழியைத் தேர்தல்) மீள்செயலையும் (திரும்பத் திரும்பச் செய்தல்) முற்றத்திலேயே கற்பிக்கலாம். பின்பு கணினியில் ஒருவர் சுட்டியைப் பிடிக்க மற்றவர் சொல்ல வேண்டும். சொல்பவர் சுட்டியைத் தொடக் கூடாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாறட்டும். ஸ்கிறாச்சைக் கணினியில் நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை.

வலிகாமம் ஆசிரியை

மிக்க நன்றி. புள்ளியிடுவது எவ்வாறு? ஓடும் விளையாட்டைக் கொண்டு வருபவருக்கு முழுப் புள்ளியும் கொடுத்தால், பார்த்துச் செய்தவரும் தப்பிவிடுகிறார்.

பதில் – தென்மராட்சி ஆசிரியர்

ஆய்வாளர் கரன் பிரெனனும் ஸ்கிறாச்சை உருவாக்கிய குழுவின் தலைவர் மிச்சல் ரெஸ்னிக்கும் 2012 இல் இதே சிக்கலைச் சுட்டினார்கள்: முடிந்த செயற்றிட்டத்தை மட்டும் பார்த்தால், மாணவர் அதை எப்படிச் செய்தார் என்பது தெரியாது. அதனால் மாணவருடன் அவரது படைப்பைப் பற்றி உரையாடுவதையும் மதிப்பீட்டில் சேர்த்தார்கள். எல்லோருடனும் நீண்ட உரையாடல் நடத்த நமக்கு நேரமில்லை. நான் ஒவ்வொருவரின் நிரலிலும் ஒரு கட்டையைத் தொட்டு, "இதை எடுத்துவிட்டால் என்ன நடக்கும்?" என்று மட்டும் கேட்டு, சரியான விடைக்கும் காரணத்திற்கும் பாதிப் புள்ளியை ஒதுக்குகிறேன். ஓடாத விளையாட்டைக் கொண்டுவந்தாலும், எங்கே பிழை என்று காட்டக்கூடியவருக்கு அந்தப் பாதி கிடைத்துவிடும்.