குரூக்கட் ஹவுஸைச் சாய்வாகவே திரும்பக் கட்டவேண்டுமா?

சிவில்_கோபி: இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்து ஹிம்லியில் இருந்த குரூக்கட் ஹவுஸ் பப் 2023 ஆகஸ்ட் 5 இரவு எரிந்தது. இரண்டே நாளில் மிச்சத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். மூன்று வருடத்துக்குள் பழையபடி கட்டவேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கவுன்சில் உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1765இல் பண்ணை வீடாகக் கட்டியது அது. கீழே நிலக்கரி தோண்டத் தோண்ட ஒரு பக்கம் நாலடி இறங்கிவிட்டது. யாரும் திட்டம் போட்டுச் சாய்க்கவில்லை. இப்போது புது அஸ்திவாரம் போட்டுச் சுவரைச் சாய்த்தால் அது சினிமா செட்.

தேன்மொழி: கோபி சார், மண் இறங்கியது தற்செயல், சரி. நிற்கவைத்தது தற்செயல் இல்லையே! 1940களில் ஆபத்தான கட்டடம் என்று இடிக்க இருந்ததை ஒரு பீர் கம்பெனி வாங்கியது. நிமிர்த்தப் பார்க்கவில்லை. முட்டுச்சுவர் கொடுத்து, இரும்பு வைத்துப் பலப்படுத்தி, சாய்ந்தபடியே நிறுத்தியது. அதுவும் கட்டடக் கலைதான். சுவர், சன்னல் எல்லாம் சேர்ந்து சாய்ந்திருப்பதால் கண் அதையே மட்டம் என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே கோலிக்குண்டை உருட்டிவிட்டால் மேடேறுவதுபோலத் தெரியும். இதை அளவெடுத்துத் திரும்பக் கட்டலாம்.

பழஞ்சுவர்: லண்டன் கார்ல்டன் டாவர்னை மறந்துவிட்டீர்களா? 1920களின் பப். 2015இல் அனுமதியில்லாமல் இடித்தார்கள். இருந்தபடியே கட்டு என்று உத்தரவு வந்தது, கட்டினார்கள், 2021இல் திறந்தும்விட்டார்கள்.

சிவில்_கோபி: அது நேரான கட்டடம், நண்பரே. இடிக்கும் முன்பே அதன் ஓடுகளுக்கு அச்சு எடுத்து வைத்திருந்தார்கள். இங்கே சுவர் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி வளைந்திருந்தது. நூறு வருடத்துக்கு மேல் மண் செய்த வேலை அது. இடித்தவர்களுக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய அபராதம் போட்டு, அதை நார்ட்டன் செயின்ட் பிலிப் என்ற ஊரில் உள்ள ‘ஜார்ஜ் இன்’ விடுதி மாதிரி இன்னும் நிற்கிற பப்களுக்குச் செலவழிக்கலாம். கீழே கல், மேலே மரச்சட்டம் என்று இடைக்காலத்து வேலை அப்படியே இருக்கிறது அங்கே.

தேன்மொழி: அபராதத்தைக் கட்டிவிட்டுக் காலி மனையை வைத்துக்கொள்ளலாம் என்றால், பழைய பப் வைத்திருக்கும் எவரும் கணக்குப் போட்டுப் பார்ப்பார். மாடியில் சில பகுதிகளை எடுக்க மட்டுமே ஒப்புக்கொண்டோம் என்று கவுன்சில் சொன்னது. போனதோ முழுக் கட்டடம். திரும்பக் கட்டச் சொன்னால்தான் இடிப்பதில் லாபம் இருக்காது.

சிவில்_கோபி: அந்த வாதம் ஏற்கக்கூடியதுதான். அப்படியானால் கட்டட்டும். ஆனால் வாசலிலேயே கட்டிய வருடத்தைப் பொறிக்க வேண்டும். 1765 என்று போடக்கூடாது.