கொல்லைக்கு வந்த வாத்தும் எங்கள் காக்டெயிலும்: பறவைக் காய்ச்சலுக்குப் பயந்த கதைகளைச் சொல்லுங்கள்

வடுவூர் மருமகள்
2021 தை மாதம். சம்பா அறுத்த வயலில் வழக்கம்போல வாத்து மந்தை இறங்கியிருந்தது. டிவியில் அந்த மாதம் முழுக்க கேரளாவின் ஆலப்புழை, கோட்டயம், எச்5என்8 என்கிற பறவைக் காய்ச்சல் வைரஸ், கொன்று எரிக்கிற வாத்துகள். எங்கள் வீட்டில் ஒரு காக்டெயில் (குடிக்கிறது இல்லை, கொண்டை வைத்த கிளி). மந்தையிலிருந்து ஒரு வாத்து பிரிந்து வந்து கூண்டுக்குக் கீழே சிந்திய தினையைப் பொறுக்கிவிட்டுப் போனது. அவ்வளவுதான் நடந்தது.

மாமியார், "வாத்துக்கு வந்தா கிளிக்கு வராதா? புள்ள இருக்கற வீடு, தெறந்து விட்டுடும்மா" என்றார். நானும் கொக்கியில் கை வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அது குக்கர் மாதிரி நீளமாக ஒரு விசில் அடித்தது. உள்ளேயிருந்து மாமியார், "எத்தனாவது விசில்மா அது?" அடுப்பில் குக்கரே இல்லை.

கையை எடுத்துவிட்டேன். விசில் வராமல் இருந்திருந்தால் திறந்திருப்பேன், வேப்பமரத்துக் காக்கைகள் மிச்சத்தைப் பார்த்திருக்கும். இன்னும் அது உறுத்துகிறது. அந்த மந்தையில் ஒரு வாத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திருத்துறைப்பூண்டி
எங்களுக்கு ஒரே வாரத்தில் 11 நாட்டுக்கோழி போனது. பச்சையாகக் கழிந்து, கழுத்து திருகிக்கொண்டு. அதுதான் வந்துவிட்டது என்று லவ் பேர்ட்ஸ் கூண்டைத் தூக்கிக் குளியலறையில் பூட்டி, இரண்டு நாள் வீடே வாய்க்காலில் குளித்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு வெள்ளைக் கழிச்சல் என்றார், கோழிக்கு வருகிற வேறொரு வைரஸ் நோய். தடுப்பூசி போடாதது என் தப்பு.

ஆனால் வடுவூரம்மா, மாமியாரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் வைரஸ் இல்லை என்று ஆகாது. நோயே தெரியாமல் வாத்து அதைச் சுமந்து திரியும். உங்கள் ஊர் ஏரிக்கே எங்கெங்கிருந்தோ பறவை வருகிறது.

கும்பகோணம் டிகிரி
என் கதை நாலு வரி. லவ் பேர்ட்ஸ் இரண்டும் ஒரே காலையில் செத்தன. பறவைக் காய்ச்சல் என்று தெருவெல்லாம் பேச்சு, எதிர்வீட்டு அக்கா ஒரு மாதம் முட்டை வாங்கவில்லை. நிஜத்தில், புது நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்துவிட்டு நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பூச்சு அளவுமீறிச் சூடானால் வரும் புகை பறவைக்கு விஷம். தெருவில் யாரிடமும் இதுவரை சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கிளிக்கு இந்தக் காய்ச்சல் வருவது அரிது. வந்தால் பெரும்பாலும் வெளிப்பறவையின் எச்சம் வழியாகத்தான். அதனால் கூண்டை மரத்தடியில் தொங்கவிடாதீர்கள், காக்கையும் குருவியும் தினை பொறுக்க விடாதீர்கள். வயலுக்கும் கோழிக்கடைக்கும் போன செருப்பு வாசலோடு நிற்கட்டும். கைக்குச் சோப்பு போதும், இந்த வைரஸின் கொழுப்பு உறை அதில் உடைந்துவிடும். சந்தையில் வாங்கிய புதுப் பறவையை ஒரு மாதம் தனியே வையுங்கள். வாத்து முட்டையை நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். காக்கையோ கொக்கோ கூட்டமாகச் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மாதிரி போபாலில் இருக்கிற விலங்கு நோய் ஆய்வகம் போய்த்தான் உறுதியாகும். கிளி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூச்சு வாங்கினால் முதலில் சிட்டகோசிஸை நினையுங்கள். பாக்டீரியா நோய், மருந்து உண்டு, நமக்கும் தொற்றும். அப்புறம், பச்சைக்கிளி வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால், 1972 சட்டப்படி அது குற்றம்.

மன்னார்குடி
கடைசி வரி எனக்கா? கஜா புயலில் தென்னையோடு சாய்ந்து இறக்கை ஒடிந்து கிடந்ததைத்தான் எடுத்தேன். தேறியதும் வனத்துறையில் கொடுத்தாயிற்று. காய்ச்சலைப் பற்றிப் பேசுங்கள் ஐயா.

வடுவூர் மருமகள்
சண்டை வேண்டாம். கும்பகோணத்தாரே, வாத்து வந்த அன்றைக்கே கொல்லையிலிருந்து கூண்டை எடுத்து அடுப்படி ஜன்னலில் மாட்டினோம். இன்று வரை அங்கேதான் இருக்கிறது. கீழேயே தோசைத் தவா. இதோ கூண்டைக் கழற்றப் போகிறேன். மாமியார், "அப்ப விசில எப்படி எண்றது?" என்கிறார்.