காலி செய்யச் சொன்னார்கள், கோப்பி நோட்டு காப்பாற்றியது

தேத்தண்ணி:

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஓர் அறை உண்டு. பிள்ளைகளுக்குப் பாடம், பெரியவர்களுக்குக் கேரம், எல்லாருக்கும் கோப்பி. பதினோரு வருடமாக அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்துகிறோம். போன வருடம் ஒரு கடிதம் வந்தது. இடம் வேறு தேவைக்கு வேண்டுமாம், ஆறு வாரத்தில் காலி செய்ய வேண்டுமாம்.

பதாகை எழுதிக் கீழே நின்றுவிடலாம் என்று நான் குதித்தேன். நாலாம் மாடி அண்ணன், டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர், சிரித்தார். "நிக்கணும்னா ஹோங் லிம் பார்க் போய் நில்லு. இங்க நின்னா அறைக்கு முன்னாடி நீ காலியாயிடுவ." சரிதான். பொதுவில் நின்று பேச ஒதுக்கிய பேச்சாளர் முனை அங்கே 2000இல் திறந்தது. வேறு இடத்தில் ஒற்றை ஆளாகப் பதாகை பிடித்தாலும் அனுமதி வேண்டும்.

அதனால் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினோம். முந்நூறு தாண்டியது. அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினர் குறை கேட்கும் மக்கள் சந்திப்புக்குப் போனேன். எண் சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். எங்கள் விவரத்தைத் தட்டச்சு செய்த தொண்டூழியர் சின்னப் பையன். "தினமும் எத்தனை பேர் வர்றாங்க?" என்றான். நிறையப் பேர் என்றேன். அவன் விரல் நின்றுவிட்டது. "நிறையன்னா?" கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை. அது எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து புலம்பியபோதுதான் கோப்பி போடும் மலாய் அம்மாவின் நோட்டு நினைவுக்கு வந்தது. மாக்சிக் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். யார் குடித்தார்கள், யார் ஐம்பது காசு பாக்கி, எல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருப்பார். மூன்று வருடத்துக்கு நான்கு நோட்டுகள்! இரண்டு இரவு உட்கார்ந்து எண்ணினோம். வார நாட்களில் சராசரியாக இருபத்துமூன்று பேர். காலையில் அறை கிட்டத்தட்ட வெறுமைதான். அதையும் மறைக்கவில்லை. பெயர்கள் மேல் தாள் ஒட்டி மறைத்து நகல் எடுத்தோம், கடன்காரர் மானம் முக்கியம் அல்லவா.

முதலில் எழுதிய அழுகைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பக்கத்தில் எழுதினோம்: காலை உங்களுக்கு, மாலை எங்களுக்கு. இரண்டு முறை ஆட்கள் வந்து பார்த்தார்கள். கடைசியில் இரண்டு வருடம் நீட்டித்துத் தந்தார்கள். புத்தக அலமாரி ஒன்றை இழந்தோம். கேரம் பலகையைத் தினமும் மடக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

பழைய செம்பவாங்:

உங்களுக்காவது கடிதம் வந்தது. நான் கம்பத்தில், அதாவது பழைய கிராமக் குடியிருப்பில், வளர்ந்தவன். சமூக நிலையம் என்றால் பலகைச் சுவர், தகரக் கூரை. 1963இல் தொலைக்காட்சி வந்தபோது எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலும் பெட்டி இல்லை. சாயங்காலமே நிலையத்துக்குப் போய்ப் பெட்டி முன்னால் இடம் பிடிப்போம். படம் தெரிந்ததோ இல்லையோ, கொசு நன்றாகவே கடித்தது.

கம்பத்தை எடுத்தபோது நிலையமும் போனது. காப்பாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். புது வீட்டில் என் அம்மா குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அந்தச் சந்தோஷத்தில் வேறு எதை நினைப்பது?

மேடையோரம்:

எனக்கு ஆர்மீனியன் ஸ்திரீட் சப்ஸ்டேஷன்தான் நினைவு வருகிறது. பழைய மின் துணைநிலையத்தில் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் தொடங்கிய கலை இடம். மாணவியாக இருந்தபோது அங்கே தரையில் உட்கார்ந்து நாடகம் பார்த்திருக்கிறேன். 2021இல் அந்தக் கட்டடத்தை விட்டுப் போக வேண்டி வந்தபோது எத்தனையோ பேர் உருகி உருகி எழுதினார்கள். நானும் எழுதினேன். ஆனால் அதற்கு முந்திய ஐந்து வருடத்தில் நான் அங்கே ஒரு டிக்கெட்கூட வாங்கியதில்லை.

தேத்தண்ணி, மாக்சிக் இன்னும் நோட்டு எழுதுகிறாரா?

தேத்தண்ணி:

இப்போது இரண்டு நோட்டு. ஒன்று காசுக்கு, ஒன்று ஆளுக்கு. நாலாம் மாடி அண்ணன் பாக்கி மூன்று வெள்ளி இருபது காசு என்று போன வாரம் விரித்துக் காட்டினார். அன்றிலிருந்து அண்ணன் கோப்பி வேண்டாம் என்கிறார். ஆள் நோட்டில் மட்டும் தினமும் பெயர் எழுதிவிட்டுப் போகிறார்.