ஸ்டாக்கர்வேருக்குத் தமிழ்ச்சொல்: ‘வேவுச்செயலி’ சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஸ்டாக்கர்வேர், அதாவது தெரிஞ்ச ஆளே நம்ம ஃபோன்ல ரகசியமாப் போட்டு நம்மைக் கண்காணிக்கிற ஆப், இதுக்குத் தமிழ்ல என்ன சொல்லுன்னு மூணு நாளா ஓடுற இந்த இழையை முதல்லேர்ந்து படிச்சிட்டுத்தான் எழுதுறேன். மடல் கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. ஃபோன்ல ஒளிஞ்சிருக்கிற உளவு ஆப்பை எப்படிக் கண்டுபிடிச்சு எடுக்கிறதுன்னு தமிழ்ல ஒரு வழிகாட்டி எழுதிட்டு இருக்கேன், முதல் பத்தியிலயே சரியான சொல் இல்லாம நின்னுபோச்சு. அதனால இந்த விவாதம் எனக்கு ரொம்ப அவசரமான விஷயம்.

> ‘ஒற்றுநிரல்’னு வச்சுக்கலாமே, சுருக்கமாவும் இருக்கு, பழஞ்சொல்லாவும் இருக்கு.

ஒற்று நல்ல சொல்தான், குறள்ல ஒற்றாடல்னு தனி அதிகாரமே இருக்கு. ஆனா தமிழ்க் கணிமைப் பக்கம் இருக்கிறவங்க கிட்ட ஒற்றுன்னு சொன்னா மனசுல வர்றது க், ச், த், ப் தான். ஒற்றுப்பிழை திருத்தி பத்தி நாமளே எத்தனை தடவை பேசியிருக்கோம், அந்த இடத்துல போய் ஒற்றுநிரல்னு எழுதினா வல்லினம் மிகுமா மிகாதான்னு பாத்துச் சொல்ற நிரல்னுதான் பாதிப் பேர் எடுத்துக்குவாங்க. இன்னொண்ணு, அந்த அதிகாரத்துல ஒற்று அரசனோட கண்ணு, நாட்டைக் காக்க வச்சிருக்கிறது. பொண்டாட்டி தூங்குற நேரம் அவ ஃபோனை எடுத்து ஒரு ஆப்பைப் போட்டுட்டு மறுநாள்லேர்ந்து அவ யார்கிட்ட பேசுறா எங்க போறான்னு பாத்துட்டு இருக்கிற ஆளோட வேலைக்கு அந்த மரியாதையான சொல்லை நான் தரமாட்டேன்.

> ஸ்டாக்கர்னா பின்தொடர்றவர், அதனால ‘பின்தொடர்நிரல்’.

இது அஞ்சாறு வருஷம் முன்னாடி வந்திருந்தா நானும் சரின்னு சொல்லியிருப்பேன்னு சொல்ல முடியாது, அப்பவே பின்தொடர்ங்கிற சொல்லை சமூக வலைத்தளங்கள் எடுத்துக்கிச்சு. ஃபாலோ பட்டனுக்கு மேல அதான் எழுதியிருக்கு, எனக்கு இத்தனை பின்தொடர்பவர்கள்னு சந்தோஷமா சொல்லிக்கிற காலம் இது. பயப்பட வேண்டிய ஒரு பொருளுக்கு அந்தப் பேர் வச்சா பயமே வராது.

‘ஒட்டுக்கேட்பு நிரல்’னு ஒருத்தர் சொல்லியிருந்தார். பத்திரிகைக்காரங்க ஃபோன் ஒட்டுக்கேட்பு விவகாரம்னு எழுதி எழுதி அது எல்லாருக்கும் புரியுற சொல்லாத்தான் ஆயிருக்கு, ஆனா அது காதோட நின்னுடுது. இப்ப இருக்கிற ஆப் கேட்கிறது மட்டுமா பண்ணுது? இருப்பிடம், ஃபோட்டோ, மெசேஜ், டைப் பண்ற ஒவ்வொரு எழுத்தும் போகுது.

என் முன்மொழிவு வேவுச்செயலி. இந்தச் சொல் அகராதியிலேர்ந்து எனக்கு வரல, ஒரு ஆள் வாயிலேர்ந்து வந்துச்சு, அதைச் சொல்லிடுறேன்.

தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க வந்து ஃபோன்ல வைரஸ் இருக்கு போல தம்பி, பாத்துக் குடுன்னாங்க. என்ன ஆச்சுக்கான்னு கேட்டா ஃபோன் சூடாகுதுன்னு ஆரம்பிச்சாங்க, சார்ஜ் நிக்கலைன்னாங்க, அதெல்லாம் பழைய பேட்டரிக்கும் நடக்கிறதுதான்னு நான் சொல்லிட்டு இருக்கும்போதே குரலைத் தணிச்சு, நான் என் தங்கச்சிக்கு வாட்ஸ்அப்ல எழுதினதை அவர் அப்படியே வார்த்தை மாறாம திருப்பிச் சொல்றார்ப்பா, என்னை வேவு பாக்குறார், எப்படின்னுதான் தெரியலன்னாங்க. கவனிச்சுப் பாருங்க, ஸ்பைவேர்னு ஒரு சொல் அவங்க கிட்ட இல்ல, வைரஸ்னு தப்பான சொல்லைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்க முடிஞ்சுது. ஆனா நடக்கிறதுக்குச் சரியான வினைச்சொல் கையில இருந்துச்சு, வேவு பாக்குறது.

எழுதினதை அவர் அப்படியே திருப்பிச் சொல்றார்னு அக்கா சொன்னாங்களே, அதைவிட நம்பகமான அறிகுறியும் எதுவும் கிடையாது. நெட்ல தேடினா பேட்டரி தீருது, டேட்டா தீருதுன்னு பத்து அறிகுறி போட்டிருப்பாங்க, அதெல்லாம் நூறு காரணத்தால வரும். தெரிஞ்சிருக்கவே வழியில்லாத ஒரு விஷயம் இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு, அந்த ஆள் கையில நம்ம ஃபோன் கொஞ்ச நேரமாவது இருந்திருக்கு, லாக் நம்பரும் அவருக்குத் தெரியும், இது மூணும் சேர்ந்தா தேட ஆரம்பிச்சிடணும்.

அமைப்புகள்ல போய் ஆப் பட்டியலை முழுசாத் திறந்து ஒவ்வொண்ணா தள்ளிட்டே வந்தோம். நடுவுல ‘சிஸ்டம் சர்வீஸ்’னு ஒண்ணு, பச்சை ரோபோ பொம்மைப் படம் போட்டுச்சு, ஹோம் ஸ்க்ரீன்ல அப்படி ஒரு ஐகானே கிடையாது. தட்டிப் பாத்தா மைக், கேமரா, இருப்பிடம், தொடர்புகள், எஸ்எம்எஸ் அத்தனைக்கும் அனுமதி. நிறுவல் நீக்குற பட்டன் மங்கிப்போய்க் கிடந்துச்சு, அழுத்தினா அசையல. அது ஏன்னா அந்த ஆப் தன்னை சாதன நிர்வாகியா பதிவு பண்ணி வச்சிருந்துச்சு, பாதுகாப்புப் பகுதிக்குள்ள இருக்கிற அந்த நிர்வாகிப் பட்டியல்ல அதோட அனுமதியை எடுத்தாத்தான் பட்டனுக்கு உயிர் வரும். அணுகல்தன்மைப் பக்கத்துலயும் அதே பேர் ஆன்ல இருந்துச்சு, வாட்ஸ்அப் எப்படிப் போச்சுங்கிறதுக்கு விடை அங்கதான். பார்வை இல்லாதவங்களுக்குத் திரையைப் படிச்சுக் காட்டுறதுக்காக வச்ச வசதி அது, அந்த அனுமதி கிடைச்ச ஆப் திரையில இருக்கிறதை எல்லாம் படிக்கலாம், வாட்ஸ்அப் வழியில எவ்வளவு பூட்டுப் போட்டு அனுப்பினாலும் திரையில வந்தப்புறம் அது வெறும் எழுத்துதானே. ஆபத்தான ஆப்பைத் தேடிப் புடிக்கிற கூகுளோட ப்ளே ப்ரொடெக்டும் ஆஃப் பண்ணிக் கிடந்துச்சு, அதைத் தானா யாரும் ஆஃப் பண்றதில்ல.

அன்னிக்கே எடுத்துடலாம்னு கை பரபரத்துச்சு, எடுக்கல. ஆப் போன உடனே அந்தப் பக்கம் தகவல் நின்னுடும், போட்டவருக்குத் தெரிஞ்சிடும், வீட்டுக்குள்ள அன்னிக்கு ராத்திரி என்ன நடக்கும்னு அக்காவுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. இன்னொரு ஃபோன் கேமராவுல அந்தத் திரைகளை எல்லாம் படம் புடிச்சு வச்சோம், உதவி கேட்கிற பேச்சு எதுவும் அந்த ஃபோன்ல வேண்டாம்னு வச்சோம், அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்புறம்தான் எடுத்தோம். எடுத்துட்டு கூகுள் கணக்கோட பாஸ்வேர்டை வேற கருவியிலேர்ந்து மாத்தி, ரெண்டாம் படி உறுதிப்படுத்தலைப் போட்டு, ஃபோன் லாக்கையும் மாத்தினோம். வழிகாட்டியில இந்தப் பத்திதான் எல்லாத்துக்கும் மேல வரணும்னு நினைக்கிறேன். நீக்கு நீக்குன்னு மட்டும் எழுதுறது ஆபத்து.

சரி, சொல்லுக்கு வர்றேன். வேவுக்கு நம்ம மொழியில வேர் ஆழமா இருக்கு. தொல்காப்பியப் புறத்திணையியல்ல வெட்சித் துறைகளைச் சொல்ற இடத்துல ‘வேய்’னு ஒண்ணு வரும், ஆநிரை கவரப் போறவங்க முன்கூட்டியே ஒற்றர் மூலமா நிலவரம் தெரிஞ்சுக்கிறது. வேவும் அதோட உறவுச்சொல்தான். ஒருத்தர் உடைமையைக் கவர்றதுக்கு முன்னாடி மறைஞ்சிருந்து பாக்குறதுன்னு அந்தப் பொருள்லயே இருக்கு, இந்த ஆப் பண்றதும் அதேதான். பழசா இருந்தாலும் செத்துப்போன சொல்லும் இல்ல, இன்னிக்கும் படிக்காத பாட்டி வாயிலயும் வருது.

> உளவு மென்பொருள்னு பத்திரிகைகள்ல ஏற்கெனவே நிலைச்சிருக்கே, அதை ஏன் கலைக்கணும்?

கலைக்க வேண்டாம், அது இருக்கட்டும், ஆனா இருக்க வேண்டிய இடம் வேற. உளவுன்னா உளவுத்துறை ஞாபகம் வருது, அரசாங்கம், ஏஜென்சி, பெரிய பணம். இஸ்ரேலோட என்எஸ்ஓ கம்பெனி செஞ்ச பெகாசஸ் அந்த வகை. 2016 ஆகஸ்ட்ல சிட்டிசன் லேப்ங்கிற ஆய்வுக்குழுவும் லுக்அவுட்ங்கிற பாதுகாப்புக் கம்பெனியும் அதை வெளிய கொண்டுவந்தாங்க, அஹ்மத் மன்சூர்ங்கிற எமிரேட்ஸ் மனித உரிமைக்காரருக்கு வந்த எஸ்எம்எஸ் லிங்க்கைப் புடிச்சுப் போய்த்தான் கண்டுபிடிச்சாங்க, ஆப்பிள் உடனே ஐஓஎஸ் 9.3.5 விட்டுச்சு. 2019-ல தன் வழியா சுமார் 1,400 கருவிகளைக் குறிவச்சாங்கன்னு வாட்ஸ்அப்பே என்எஸ்ஓ மேல வழக்குப் போட்டுச்சு. அரசாங்கங்களுக்கு மட்டும்தான் விக்கிறோம்னு அந்தக் கம்பெனியே சொல்லிக்கிது. இந்த வகைக்கு ஃபோனைக் கையில எடுக்க வேண்டியதே இல்ல, சில சமயம் லிங்க்கைக் கூடத் தொட வேண்டாம், ஆப் பட்டியல்லயும் சிக்காது. அதைத் தேட, மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி 2021-ல வெளியிட்ட எம்விடி மாதிரி தடயம் தேடுற கருவியால பேக்கப்பை ஆராயணும், இந்த மாதிரித் தாக்குதலுக்கு வழியைக் குறைக்க ஐஃபோன்ல 2022 ஐஓஎஸ் 16-லேர்ந்து லாக்டவுன் மோட் இருக்கு.

அக்கா ஃபோன்ல இருந்தது அந்த ஜாதியே இல்ல. போட்டவர் பக்கத்து அறையில இருக்கார், பட்டியல்ல உக்காந்திருக்கு, விரலாலேயே தேடி எடுத்துடலாம். ரெண்டுக்கும் உளவு மென்பொருள்னே பேர் இருந்தா நடக்கிறது என்னன்னா, என்னை எல்லாம் யார் உளவு பாக்கப்போறா, நான் என்ன பெரிய ஆளான்னு நினைச்சுட்டு தேடாமலேயே விட்டுடுறாங்க. இதை நான் நேரா கேட்டிருக்கேன். அதனாலதான் பொதுவா ஸ்பைவேருக்கு உளவுநிரல் அல்லது உளவு மென்பொருள், தெரிஞ்ச ஆள் கையால போடுற ஸ்டாக்கர்வேருக்கு வேவுச்செயலின்னு பிரிக்கச் சொல்றேன்.

நிரலா செயலியான்னு ஒரு கேள்வி இருக்கு. செயலின்னா பிராசசர் ஆச்சேன்னு பழைய ஆட்கள் கேப்பாங்க, நியாயம்தான், ஆனா ஆப்புக்கு செயலின்னு செய்தித்தாள் முதக்கொண்டு வந்தாச்சு, அந்தச் சண்டையை இங்க திரும்ப ஆரம்பிக்க வேண்டாம். இந்த இடத்துல செயலி ஏன் பொருந்துதுன்னா, தேட வேண்டிய இடத்தையே அது சொல்லிக்குடுக்குது, ஆப் பட்டியல்ல போய்ப் பாருன்னு. நிரல்னா எங்கேயோ உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம இருக்குன்னு தோணிடும். கூகுளோட தமிழ் இடைமுகத்துல ‘ஆப்ஸ்’னு இருக்கிறதால வழிகாட்டியில முதல் தடவை வர்றப்ப அதையும் ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். எழுத்துக்கூட்டலும் பாத்துக்கங்க, உளவுத்துறை மாதிரி இங்கயும் வல்லினம் மிகும், வேவுச்செயலி.

> குழந்தைங்களைக் கண்காணிக்க அப்பா அம்மா போடுற ஆப்பும் வேவுச்செயலியா?

நல்ல கேள்வி, விக்கிறவங்களும் பாதிப் பேர் குழந்தைப் பாதுகாப்புன்னு போர்டு மாட்டித்தான் விக்கிறாங்க. கோடு மறைப்புலதான் இருக்கு. 2020 அக்டோபர்லேர்ந்து கூகுள் ப்ளே விதியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லுது, கண்காணிக்கிற ஆப் தன்னை ஒளிக்கக் கூடாது, ஓடுறப்ப அறிவிப்பு தெரிஞ்சுட்டே இருக்கணும். புள்ளைக்குத் தெரிஞ்சு ஓடுறது கண்காணிப்புச் செயலி, தெரியாம ஒளிஞ்சு ஓடுறது வேவுச்செயலி. வேவுன்னாலே மறைஞ்சு பாக்குறதுங்கிறதால இந்தப் பிரிவைச் சொல்லே செஞ்சுடுது. அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்பைப் பாத்துக்கிற எஃப்டிசி 2021 செப்டம்பர்ல ஸ்பைஃபோன்ங்கிற கம்பெனியை இந்தத் தொழிலே பண்ணக் கூடாதுன்னு தடுத்ததுக்கும் ரகசியமா சேர்த்த தகவல்தான் காரணம்.

எனக்கே இன்னும் முழுசா தீராத ஒரு இடம் இருக்கு, அதுக்கு உங்க உதவி வேணும். பல நேரம் ஆப்பே இருக்காது. வாட்ஸ்அப்ல இணைக்கப்பட்ட சாதனங்கள்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல யாரோட லேப்டாப்போ உக்காந்திருக்கும், அவ்வளவுதான் கதை. இல்லன்னா கூகுள் பாஸ்வேர்டு தெரிஞ்ச ஒருத்தர் வேற ஃபோன்லேர்ந்து இருப்பிடம் பாத்துட்டு இருப்பார். ஐஃபோன்ல ஜெயில்பிரேக் பண்ணாம, அதாவது ஆப்பிள் போட்ட கட்டுப்பாட்டை உடைக்காம, ஒளிஞ்ச ஆப் போடுறது கஷ்டம்ங்கிறதால அங்க பெரும்பாலும் ஐகிளவுட் கணக்கு வழியாத்தான் நடக்குது, ஐஓஎஸ் 16-ல வந்த சேஃப்டி செக் அதுக்குத்தான், யார்கூட என்ன பகிர்ந்திருக்குன்னு ஒரே இடத்துல காட்டி வெட்டிவிடும். இந்த மாதிரி நேரத்துல ஃபோனை ஃபேக்டரி ரீசெட் பண்ணி, வேவுச்செயலி போச்சுன்னு நிம்மதியா இருந்துடுவாங்க, ஆனா கணக்கு வழியா வேவு தொடரும். இதுக்கு ‘கணக்குவேவு’ன்னு எழுதிப் பாத்தேன், பேங்க் கணக்கு மாதிரி ஒலிக்குது. ‘உள்நுழைவு வேவு’ சொல்ல நீளமா இருக்கு. யாருக்காவது நல்லதா ஏதாவது தோணுச்சுன்னா சொல்லுங்க.

கூடவே ஒரு சின்ன விஷயம். மால்வேருக்கு, அதாவது கெடுதல் செய்யுற மென்பொருளுக்கு, ‘தீம்பொருள்’னு இந்த இழையில ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க. தீம்பால், தீஞ்சுவைன்னா இனிப்பு. தீம்பொருள் வந்துடுச்சுன்னா கேக்கிறவருக்கு நல்ல பொருள் வந்த மாதிரி இருக்கு. வழிகாட்டியில நான் தீநிரல்னே போடப்போறேன், ஆட்சேபம் இருந்தா அதைத் தனி இழையா ஆரம்பிங்க, இங்க வேண்டாம்.

வரைவு ஞாயித்துக்கிழமை அனுப்புறேன். அக்காவையும் ஒரு தடவை படிச்சுப் பாக்கச் சொல்லியிருக்கேன், வேவுச்செயலின்னு தலைப்பைப் பாத்ததும் அவங்களுக்கு என்னன்னு விளங்கலைன்னா இந்தச் சொல்லை நானே வாபஸ் வாங்கிக்கிறேன்.

அன்போட